கை விரியாவிட்டால் என்ன, ஸ்வரம் விரியட்டும்!

"பாத்திரம் தேய்த்து, துணி பிழிந்து, குழந்தையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோன கையை வைத்துக்கொண்டு பியானோவா?" என்று கேட்கிற சகோதரிகளுக்காகத்தான் இந்த முறை எழுதுகிறேன். நாற்பது வயசுக்கு மேல் கீபோர்டு பழக உட்கார்ந்தவள் நான். பெண்ணுக்கு வாங்கினது, அவள் காலேஜுக்குப் போனதும் கூடத்தில் தூசி படிந்து கிடந்தது. திருநின்றவூரில் எங்கள் தெருவிலேயே சர்ச்சில் வாசிக்கிற டீச்சர் ஒருத்தர் இருப்பது என் அதிர்ஷ்டம்.

மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவதைக் கார்டு என்கிறார்கள். எல்லோரும் முதலில் ச, க, ப மூன்றையும் ஒரே கையில் நெருக்கமாக அழுத்தத்தான் கற்கிறோம். அதையே இடது பக்கம், கீழ் ஸ்தாயியில் அழுத்திப் பாருங்கள். குழைந்த சாதம் மாதிரி இருக்கும். எந்த ஸ்வரமும் தனியாகக் காதில் விழாது. இப்போது நடுவிலுள்ள 'க'வை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வையுங்கள். ச, ப, அப்புறம் மேல் க. அதே மூன்று ஸ்வரம்தான், ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி! இதுதான் ஓப்பன் வாய்ஸிங்.

ஏன் இப்படி? நம் தம்புராவையே கேளுங்களேன். ப, ச, ச, கீழ் ச என்று நாலு தந்தி. காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்ந்துவிட்டால், கீழ் ஷட்ஜத் தந்தியிலிருந்து காந்தாரம் மேலே தானாகக் கேட்கும். ஒரு தந்தி அதிரும்போது அதன் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. மூன்றாம் மடங்கு பஞ்சமம். ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம். இயற்கையே அதை உயரத்தில்தான் வைத்திருக்கிறது.

இதில்தான் நம் கைக்கு ஆபத்தும் இருக்கிறது. முழு அளவுக் கட்டைகளில் ச முதல் மேல் ச வரை சுமார் 16.5 செ.மீ. மேல் க வரை என்றால் 21 செ.மீ. நம்மில் பலருக்கு அது எட்டாது. எட்டவும் வேண்டாம்! இடது சுண்டுவிரல் ச, இடது கட்டைவிரல் ப, வலது கட்டைவிரல் மேல் க. எந்தக் கையும் இழுபடாது. வலது கை பாட்டை வாசிக்கும்போது இடது கை மட்டும்தான் மிச்சம் என்றால், ச, ப அழுத்தி, காலால் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு, கையை நகர்த்தி 'க'வைத் தொடலாம்.

ம, ச, த என்றும் ப, ரி, நி என்றும் இதே மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்துப் பழகுங்கள். இந்த மூன்றே கார்டில் எத்தனையோ எளிய பாட்டுகள் அடங்கிவிடும்.

கைக்குழந்தைக்காரிகள் கவனியுங்கள். பிள்ளையைத் தூக்கித் தூக்கி, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி வருவது சகஜம். கர்ப்ப காலத்தில் சிலருக்கு ராத்திரியில் விரல் மரத்துப்போகும். அந்தச் சமயத்தில் கட்டைவிரலை அகட்டி வாசிக்கவே கூடாது. வலி, மரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகள் விரலையும் பிடித்து இழுத்து "எட்டுடா" என்று சொல்லாதீர்கள். ஜெர்மனியில் ராபர்ட் ஷூமன் என்ற மேதைக்கு இருபது வயதைத் தாண்டியதுமே வலது கை விரல் கெட்டு, கச்சேரிப் பியானோ கனவே போயிற்று. விரலுக்குப் பயிற்சி தர ஏதோ கருவியெல்லாம் உபயோகித்தாராம். அப்புறம் அவர் எழுதிய இசையை மனைவி கிளாரா ஊர் ஊராக வாசித்தார்!

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். நான் மத்தியானம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். மாமியாருக்குக் கட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "என்னம்மா, டைப் அடிக்கிறியா?" என்பார்.