ரீடிங் 9.8 வரலைன்னா மாத்தி எழுதிடலாமா? 50,000 டிங்கரிங் லேப்களுக்கு முன்னால் நிற்கும் கேள்வி

பள்ளி இயற்பியல் லேபை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தனி ஊசல் சோதனை. ஸ்டாண்டில் நூல், நூலில் குண்டு, கையில் ஸ்டாப்வாட்ச். 20 அலைவுகளை எண்ணி, நேரத்தைக் குறித்து, சூத்திரத்தில் போட்டால் g மதிப்பு 9.8 வர வேண்டும். வரலைன்னா? அதற்கும் ஒரு வழி உங்கள் வகுப்பில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். 9.8-இல் ஆரம்பித்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு அலைவு நேரத்தைக் கண்டுபிடிப்பது, பார்க்க ஒரிஜினலாக இருக்கட்டும் என்று கடைசி தசமத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுவது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 9.8 என்பதே ரவுண்டு செய்த எண். புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். சென்னையில் அது ஏறக்குறைய 9.78, டெல்லியில் 9.79. அச்சடித்த மாதிரி 9.80 என்று எழுதிய நோட்டைவிட, 9.7-க்கும் 9.9-க்கும் நடுவே தடுமாறிய நோட்டில்தான் நிஜமான அளவீடு இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய லேப் கதையை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் லேப்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016-இல் தொடங்கியது. அதன் கீழ் ஏற்கெனவே 10,000 லேப்கள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் வெப்பநிலை, ஈரப்பதம், தூரம், ஒளி ஆகியவற்றை அளக்கும் சென்சார்களையும் ஆர்டினோ போர்டுகளையும் கையில் எடுத்துப் பார்க்கும் இடம் இது. 3டி பிரின்டரும் உண்டு.

இதுவரை ஒரு பள்ளிக்கு அறிவிக்கப்பட்ட உதவி அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய். அமைக்க 10 லட்சம், அடுத்த ஐந்தாண்டு நடத்த 10 லட்சம். அதே அளவில் 50,000 பள்ளிகளுக்குக் கொடுத்தால் 10,000 கோடி ரூபாய் ஆகும். (கணக்கு நம்முடையது. புதிய லேப்களுக்கு அதே தொகைதான் என்று வைத்துக்கொண்டு பெருக்கியது.) 2024-25 யூடைஸ் பிளஸ் தரவுப்படி நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகள் உள்ளன. இப்போதைய 10,000 லேப்கள் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்த எண்ணிக்கை அது என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயமில்லைதான். ஆனாலும் 60,000 லேப் என்பது பெரிய தாவல்.

இவ்வளவு பணம் போட்டு வாங்கும் சென்சார், மேலே சொன்ன 9.8 பழக்கத்தை உடைக்குமா? இல்லை, அதையே கலர் கிராஃபில் காட்டுமா?

ஊசலில் சென்சார் வைத்தால்...

ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 விநாடி. 20 அலைவுக்கு 40 விநாடி. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். நேரத்தில் அரை சதவீதப் பிழை. சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் g-யில் அது ஒரு சதவீதம் ஆகும்.

சரி, ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒளித் தடுப்பு சென்சார் வைக்கலாம். குண்டு ஒளிக்கற்றையை வெட்டும்போதெல்லாம் மில்லி விநாடித் துல்லியத்தில் நேரம் பதிவாகும். நேரப் பிழை ஏறக்குறைய காலி. இப்போது g துல்லியமாக வந்துவிடுமா என்றால், வராது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். அந்த மையத்தை ஸ்கேலில் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்கிறோம். ஒரு சென்டிமீட்டர் தவறினால் மறுபடியும் ஒரு சதவீதம். காசு போட்டது கடிகாரத்துக்கு, பிழை இருப்பதோ அளவுகோலில்.

இதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால், அந்த வகுப்பு வெற்றி. "இவ்வளவு நல்ல மெஷின் வெச்சும் ஏன் 9.7 வருது?" என்று கேட்க வைப்பதுதான் சென்சாரின் வேலை. "எக்ஸ்பெரிமென்ட் தப்பு, திரும்பப் பண்ணு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், 20 லட்சம் ரூபாய் லேபும் பழைய லேபும் ஒன்றுதான்.

வேறு சில சோதனைகளில் சென்சார் நிஜமாகவே கதவைத் திறக்கும். ஒலியின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப், போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை ஆய்வுக் கருவியாக்குகிறது. அதில் 'ஒலி ஸ்டாப்வாட்ச்' உண்டு: ஒரு சத்தம் கேட்டால் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு பேர் 10 மீட்டர் இடைவெளியில் போனுடன் நின்று, ஒருவர் கை தட்டி, பிறகு மற்றவர் கை தட்டினால் இரண்டு போன்களிலும் வேறு வேறு நேரம் காட்டும். அந்த வித்தியாசம், ஒலி 20 மீட்டர் போக எடுத்த நேரம்.

டெல்லியில் ஒரு ஜனவரி காலை, 10 டிகிரியில் இதைச் செய்தால் வித்தியாசம் சுமார் 59 மில்லி விநாடி வர வேண்டும். அதே மைதானத்தில் மே மதியம், 40 டிகிரியில் சுமார் 56. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் விஷயம், மூன்று மில்லி விநாடியாகக் கைக்கு வருகிறது. விரலால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி இதை ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. போனிலும் ஒரே தட்டலில் பிடிபடாது. பத்து இருபது முறை தட்டி சராசரி எடுக்க வேண்டும். ஏன் ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறுகிறது என்று வகுப்பு சண்டை போட வேண்டும்.

நம் நாட்டிலேயே உருவான கருவியும் உண்டு. டெல்லியில் இருக்கும் இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் எக்ஸ்பைஸ் என்ற கையடக்கப் பெட்டியை வடிவமைத்தது. கணினியில் செருகினால் ஆஸிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், சென்சார் பதிவி எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். வடிவமைப்பு, மென்பொருள் இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். ஃபைபாக்ஸ், எக்ஸ்பைஸ் இரண்டும் இணையம் இல்லாமலே ஓடும். இணைய வசதி உள்ள பள்ளிகள் 63.5 சதவீதம்தான் என்று அதே யூடைஸ் அறிக்கை சொல்லும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு சென்சார், இரண்டு பதில்

மலிவான கிட்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது டிஎச்டி11 என்ற நீல நிறச் சின்னப் பெட்டி. வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும். அதன் தயாரிப்புக் குறிப்பிலேயே வெப்பநிலையில் கூடவோ குறையவோ 2 டிகிரி பிழை இருக்கலாம் என்று போட்டிருக்கும். அப்படியானால் ஒரே மேசையில் இரண்டை வைத்து, ஒன்று 30, இன்னொன்று 34 காட்டினாலும் இரண்டுமே 'சரியாக' வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம்! என் பார்வையில் ஒரு டிங்கரிங் லேபின் மிகச் சிறந்த முதல் வகுப்பு இதுதான். பத்து சென்சாரை ஒரே இடத்தில் வைத்து, பத்து எண்களையும் போர்டில் எழுதி, "இதுல எது உண்மை?" என்று கேட்பது.

இதற்கும் வெளி உலகுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வட இந்தியப் பள்ளிகளில் குளிர்காலம் வந்தால் காற்று மாசு அளப்பது பிடித்தமான புராஜெக்ட். மலிவான பிஎம் 2.5 சென்சார்கள் ஒளிச் சிதறலை வைத்து நுண்துகள்களைக் கணிப்பவை. பனிமூட்டக் காலையில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதும், ரீடிங்கும் ஊதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். சென்சார் 400 காட்டினால் அதில் எவ்வளவு மாசு, எவ்வளவு பனி? மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போட்டால் அது ஒரு வதந்திதான், நல்ல நோக்கத்தோடு வந்த வதந்தி. அதே சென்சாரை அரசு கண்காணிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சில நாள் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஈரப்பதத்தையும் கூடவே எழுதிவைத்தால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாடலாம்.

ஹோஷங்காபாத் 50 வருடத்துக்கு முன்பே செய்தது

தரவு சேகரித்து அறிவியல் கற்பது இந்தியாவுக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் நடத்தின. டெல்லி பல்கலைக்கழகம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்து கூட உட்கார்ந்தார்கள். 1982-இல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி இதை ஏற்று நடத்தியது. அர்விந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் இணைத்துச் செய்த கணித மாதிரிகள் அங்கேதான் பிறந்தன. எலெக்ட்ரானிக் சென்சார் ஒன்றுகூட கிடையாது.

ஆனால் அவர்கள் தொட்டது கருவியை மட்டும் இல்லை, தேர்வையும் தொட்டார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் தேர்வு, அதோடு தனியாக செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி, மாதாந்திரக் கூட்டம் என்று ஒரு ஏற்பாடு பின்னால் இருந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய இந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது.

இன்றைய தேர்வு எப்படி இருக்கிறது? சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 30 செய்முறை. அந்த 30-ஐப் பிரித்துப் பார்த்தால்: இரண்டு சோதனைகளுக்குத் தலா 7, ரெக்கார்டு நோட்டுக்கு 5, வைவாவுக்கு 5, ஒரு ஆக்டிவிட்டிக்கு 3, புராஜெக்டுக்கு 3. அதாவது மாணவர் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, தானே தரவு சேர்க்கும் ஒரே பகுதிக்கு நூற்றுக்கு 3 மதிப்பெண். நோட்டை அழகாக எழுதினால் 5! பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. எதில் நேரம் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ மாணவர் டிங்கரிங் லேப் பக்கமே வரமாட்டேன் என்கிறார் என்று குறைபட்டால், முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மழையை யார் அளப்பது?

கேரளத்தில் நடப்பது இன்னொரு வகை. அங்கே சமக்ர சிக்ஷா திட்டம் 2022 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் வானிலை நிலையங்களை அமைத்தது. மழைமானி, ஈர-உலர் குமிழ் வெப்பமானி, காற்று வேகமானி, எழுதி வைக்க ஒரு பதிவேடு. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையிலும் ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மழையை அளந்து வருகிறது. மலையில் எவ்வளவு கொட்டியது என்று கீழே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவது அங்கே வாழ்வா சாவா விஷயம்.

இதில் அழகான ஒரு சிக்கல் உண்டு. இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடும். பள்ளிக்கூடம் ஞாயிறு லீவு. யாரும் போய் அளக்காவிட்டால், திங்கள்கிழமை மழைமானியில் இருப்பது இரண்டு நாள் தண்ணீர். 70 மில்லிமீட்டர் என்று அதை ஒரே நாள் கணக்கில் எழுதிவிட்டால், 64.5-ஐத் தாண்டியதால் 'கனமழை' ஆகிவிடும். இரண்டு நாளும் சமமாகப் பிரித்து 35 என்று போட்டால் அது கற்பனை. 'ஞாயிறு அளக்கவில்லை, இது இரு நாள் கூட்டுத்தொகை' என்று எழுதும் மாணவர், தரவுத் துறையில் வேலை பார்க்கும் பலரைவிட நேர்மையாக எழுதுகிறார். 9.8-ஐ மாற்றி எழுதப் பழகிய கைக்கு இது லேசில் வராது. இங்கே எண்ணை நம்பி ஒரு ஊர் காத்திருக்கிறது என்பதால் வரலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடல் திட்டத்தில் 'மென்டார் ஆஃப் சேஞ்ச்' என்ற தன்னார்வ ஏற்பாடு இருக்கிறது. ஐடி, எலெக்ட்ரானிக்ஸ், டேட்டா என்று எந்தத் துறையில் இருந்தாலும் விண்ணப்பித்து ஒரு பள்ளி லேபுக்கு வழிகாட்டியாகலாம். போனால் ரோபோ கார் ஓட்டிக் காட்டுவார்கள். கை தட்டுங்கள், தப்பில்லை. பிறகு போன மாத ரீடிங் நோட்டைக் கேளுங்கள். அதில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா, 'சென்சார் கழன்றுவிட்டது', 'கரன்ட் போய்விட்டது' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டே இல்லை என்றால் அடுத்த வாரம் ஒரு 40 பக்க நோட்டும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் அந்த லேபில் இருக்கும் எல்லா டிஎச்டி11 சென்சார்களின் ரீடிங்கையும், ஒரே மேசையில், ஒரே நேரத்தில், பிள்ளைகளே எழுதட்டும்.