மூலம் நிற்க வேண்டும்

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு நன்செய் நிலங்கள் உண்டு. விளக்குச் செலவுக்கென்றும், ரமலான் கஞ்சிக்கென்றும், ஓதும் பிள்ளைகளின் உணவுக்கென்றும் நம் முன்னோர் மனமுவந்து எழுதி வைத்துச் சென்றவை அவை. ஆண்டுக்கொருமுறை அந்நிலங்களைக் குத்தகைக்கு ஏலம் விடுவது பல ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முத்தவல்லி எழுந்து ஏலம் கூறுவார். கூடுதலாகக் கேட்டவருக்கு ஓராண்டுக்கு நிலம். தொகை வந்து சேர்ந்ததா, கணக்கில் ஏறியதா என்று ஜமாஅத்தார் துருவித் துருவிக் கேட்கின்றனர். கேட்க வேண்டியதுதான். ஆயினும், அந்த ஓராண்டில் மண் என்ன ஆயிற்று என்று கேட்பவரை நாம் கண்டதில்லை.

அத்தகைய ஏலம் ஒன்று முடிந்து வெளியே வருகையில், முதிய விவசாயி ஒருவர் நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், எங்க அத்தா காலத்தில் இந்த வயல் மண்ணைக் கையில் எடுத்தால் பிட்டு மாதிரி உதிரும். இப்போ இறுகிப் போய்க் கிடக்கு. உரம் போட்டால்தான் பச்சை பிடிக்குது, போடுவதும் வருஷத்துக்கு வருஷம் ஏறுது" என்றார். ஏதேனும் ஓதி ஊதித் தர இயலுமா என்று கேட்பதுபோல் இருந்தது அவர் முகம். ஓதி ஊதித் தீர்க்கும் காரியமன்று அது.

வக்புக்கு அடிப்படையாக நம் சட்ட நூல்கள் எடுத்துக்காட்டுவது ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம். தமக்குக் கிடைத்தவற்றுள் மிக உயர்ந்த அச்சொத்தை என்ன செய்வதென்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திப் பலனைத் தருமம் செய்யும் வழி காட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக வழங்கப்படலாகாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படலாகாது. மூலம் நிற்க வேண்டும், கனி மட்டுமே செலவாக வேண்டும் என்பதே வக்பின் இலக்கணம்.

அங்ஙனமாயின், வயலின் மூலம் எது? சர்வே எண்ணா? நான்கு எல்லைக் கற்களா? கற்கள் அசையாமல் நிற்க, அவற்றுக்குள் இருக்கும் மண்ணின் உயிர் ஒவ்வோர் அறுவடையிலும் கனியோடு கலந்து வெளியேறுமாயின், மூலம் நிற்கிறது என்று எவ்வாறு கூறுவது?

பயிருக்கு வேண்டிய சத்துகளில் தலையாயது தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. எனினும் நெற்பயிர் அதனைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள இயலாது. உளுந்து, பயறு, கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனைப் பிடித்துத் தருகின்றன. இதனை எந்தக் கல்லூரியிலும் பயிலாத நம் தஞ்சை விவசாயிகள், சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னரே ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்து வந்தனர். கோடையில் கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகளைக் கிடை போடச் செய்தனர். குளத்து வண்டலை வண்டியேற்றிக் கொட்டினர். நடவுக்கு முன் பசுந்தழையைச் சேற்றில் மிதித்தனர். எடுத்ததற்கு ஈடாக ஏதேனும் ஒன்று மண்ணுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது.

1909இல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர், காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக ஆக்கிக் காட்டினார். 1913இல் கார்ல் போஷின் முயற்சியால் ஓப்பாவ் என்னுமிடத்தில் அதற்கென ஆலை எழுந்தது. இன்றைய யூரியாவின் பிறப்பு அங்கேதான். 1960களின் நடுவில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய நெல் இரகங்கள் யூரியாவோடு சேர்ந்து நம் வயல்களுக்கு வந்தன. அரிசிக்காக நம் பெற்றோர் அலைந்த காலத்தை அறிந்தவர்கள், அந்த உரத்தைப் பழித்துப் பேசுவது நன்றி மறந்த செயலாகும். நாம் பழிக்க வரவில்லை. அளவைப் பற்றியே பேசுகிறோம்.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து உள்ளது. தண்ணீர் நிற்கும் நெல்வயலில் வீசப்படும் இச்சத்தில் பாதிக்கும் குறைவே பொதுவாகப் பயிரைச் சேர்கிறது. மீதியில் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகி நீரோடு கசிகிறது. ஒரு சிறு பகுதியோ, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடாக வானில் கலக்கிறது. 1992இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, யூரியாவின் விலை மட்டும் கட்டுக்குள் வைக்கப்பட்டது. மலிவானதை மிகுதியாக இடுவது மனித இயல்பு. ஓராண்டுக் குத்தகைதாரரை இதில் குறை கூறி என்ன பயன்? அடுத்த ஆண்டு ஏலம் யாருக்குப் போகுமோ அறியாத அவர், இன்று தழையை மிதித்து வேறொருவர் அறுக்கும்படி விடுவாரா? அவ்வாறு அவரை நிறுத்தியது நம் ஏலமே.

கசியும் நைட்ரேட் எங்கே செல்கிறது? வாய்க்காலுக்கும் குளத்துக்கும் செல்வது ஆகாயத்தாமரையைக் கொழுக்க வைக்கிறது. நிலத்தடிக்கு இறங்குவது கிணற்றைச் சேர்கிறது. தண்ணீரின் தூய்மைக்கு நிறம், சுவை, மணம் என்னும் மூன்று பண்புகளை அடையாளமாக வைத்து நாம் பாடம் ஓதியிருக்கிறோம். நைட்ரேட்டோ இம்மூன்றில் எதனையும் மாற்றிக் காட்டாது. ஒளுவுக்கு அத்தண்ணீர் தடையின்றிப் பொருந்தும். அளவு மிகுந்தால், பால்மாவில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்க மட்டும் பொருந்தாது. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குடிநீர் விதி. காய்ச்சினால் போய்விடும் என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்ப்பதே வழி.

நிலம் கெடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. இராக்கின் ஸவாது எனப்படும் வளமிக்க சமவெளி முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது, படைவீரர்களுக்கு அதனைப் பங்கிட்டுத் தர வேண்டுமென்ற கோரிக்கையை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. பின்னர் வரும் தலைமுறைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதே அவர்களின் வாதம். காழி அபூ யூசுப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் இது விரிவாகப் பதிவாகியுள்ளது. அத்துணைத் தொலைநோக்கோடு காக்கப்பட்ட பூமியின் தென்பகுதியில், வடிகால் இல்லாத பாசனத்தால் உப்பு மேலெழுந்து படிந்தது. பஸ்ராவைச் சூழ்ந்த நிலங்களில் அவ்வுப்புப் படலத்தைச் சுரண்டி அகற்ற ஆப்பிரிக்க அடிமைகள் ஏவப்பட்டனர். கி.பி. 869இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து 883 வரை அப்பாஸிய அரசை உலுக்கினர். நம் மேடைகளில் இது பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். நாகை கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளேறும் ஊர்க்காரர்களுக்கு இக்கதை தூரத்துக் கதையன்று.

இறைத்துப் பாய்ச்சிய விளைச்சலுக்கு இருபதில் ஒரு பங்கும், மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கும் ஜகாத் என்று வகுத்தது ஷரீஅத். தண்ணீருக்குப் பட்ட பாட்டுக்காகவே அச்சலுகை. இலவச மின்சாரத்தில் இரவெல்லாம் தானே ஓடும் மோட்டாருக்கு அச்சலுகை எவ்வளவு பொருந்தும் என்பது தனி விவாதம். முப்தி பெருமக்கள் கூறட்டும்.

இனி நம் ஏலத்துக்கு வருவோம். நிபந்தனை விதித்தால் குத்தகைத் தொகை குறையும், நியாயமான வாடகைக்குக் குறைத்து வக்பை விடக் கூடாதே என்று முத்தவல்லிகள் தயங்கலாம். தயக்கம் சரியானதே. ஆனால் வக்பின் வருவாயில் முதல் உரிமை அதன் பராமரிப்புக்கே என்பதும் அதே சட்டம்தான். கூரை ஒழுகினால் கஞ்சிக்கு முன் கூரையைச் செப்பனிடுகிறோம். வயலுக்குத் தழை மிதிப்பதும் அத்தகைய பராமரிப்பே. மேலும், விளைநிலமாயின் மூன்றாண்டு வரை குத்தகை விடலாம் என்று பிற்கால ஹனபி அறிஞர்களே இடம் தந்துள்ளனர். நாட்டுச் சட்டமும் வக்பு வாரியமும் அனுமதிக்கும் அளவுக்கு ஜமாஅத்துகள் அதனைப் பயன்படுத்தலாம்.

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். விதைத்து நாற்பத்தைந்து நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். சம்பாவுக்கு முன் இதனைச் செய்வதும், அறுவடைக்குப் பின் பயறோ உளுந்தோ விதைப்பதும் குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரிகளாக ஏறட்டும். விதைச் செலவைப் பள்ளிவாசலே ஏற்கலாம். குத்தகை தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் மண் பரிசோதனை செய்து, வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் அதே ஜும்ஆவில் அம்முடிவையும் வாசிக்க வேண்டும் என்று முத்தவல்லிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.