யாருடைய ரத்தத்தில் பிறந்த விஞ்ஞானம்?

ஆர்.என்.ஏ. திருத்தம் என்ற ஒரே விஷயத்தைப் பற்றி விவாதிப்பதற்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஞ்ஞானிகள் மாநாடு கூட்டுகிறார்கள். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் என்ற பெயர்பெற்ற வரிசையில் இதற்கும் ஓர் இடமுண்டு. அங்கே பேசப்படுவதைப் படம் பிடிக்கக் கூடாது, வெளியே எழுதக் கூடாது என்பது விதி. அச்சேறாத முடிவுகளை ஒருவருக்கொருவர் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்ளவே இந்த ஏற்பாடாம். இருக்கட்டும். பஞ்சோடும் சேற்றோடும் மல்லாடும் நமக்கு அங்கே என்ன வேலை? இருக்கிறது, தோழர்களே.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். நம் உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்ற மூலப்பத்திரம் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. இந்த நகலைப் படித்தே உடலுக்கு வேண்டிய புரதங்கள் தயாராகின்றன. நகலிலிருந்து சில துண்டுகள் வெட்டி எறியப்படுவது முன்பே தெரியும். ஆனால் மூலத்தில் இல்லாத எழுத்து நகலின் நடுவே ஏறும் என்று யாரும் நினைக்கவில்லை. 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னெ என்ற விஞ்ஞானியும் சகாக்களும் அதைக் கண்டார்கள். ஒரு நகலில் நான்கு எழுத்துகள் கூடுதலாக இருந்தன. பிறகு பார்த்தால், சில நகல்களில் பாதிக்கு மேல் இப்படி ஏறிய எழுத்துகளே! அந்தக் காலத்துக் கர்ணம் கணக்கில் கைவைத்தால் நம் நிலம் போகும். இங்கேயோ திருத்திய நகல்தான் சரியான நகல். திருத்தாவிட்டால் அந்த உயிர் பிழைக்காது.

எந்த உயிர்? டிரிபனசோம் என்ற கிருமிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் ட்ஸெட்ஸி ஈ கடித்து மனிதனுக்குத் தூக்க நோயைக் கொடுக்கும் கிருமி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கடிபடுவோர் யார்? காட்டோரம் பயிரிடுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள். கிருமி மூளைக்கு ஏறினால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பிறகு பிதற்றல். வைத்தியம் இல்லையேல் மரணம்.

ஆக, ஏழை விவசாயியின் ரத்தத்தில் வாழும் கிருமி ஒரு புதிய விஞ்ஞானத்துக்கே வாசல் திறந்தது. அந்த விவசாயிக்கு என்ன கிடைத்தது?

மெலார்சப்ரால் என்ற ஆர்சனிக் மருந்து கிடைத்தது. பாஷாண மருந்து! ஊசி ஏறும்போது நரம்பு எரியும். இருபது பேரில் ஒருவரை மருந்தே கொன்றது. 1990இல் எஃப்ளார்னிதின் என்ற நல்ல மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் வாங்கப் பணமில்லாத நோயாளிக்கு மருந்து செய்து என்ன லாபம்? உற்பத்தியை நிறுத்தினார்கள். 2000இல் அதே சரக்கு அமெரிக்கக் கடைக்கு வேறு உருவில் வந்தது. பெண்களின் முகத்தில் ரோமம் வளராமல் தடுக்கும் க்ரீம்! எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு முதலியோர் போட்ட கூச்சலுக்குப் பிறகே, 2001இல் அவென்டிஸ் கம்பெனி உலக சுகாதார ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்து, நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. அழகுக்குச் சந்தை இருந்தது, உயிருக்கு இல்லை.

விஞ்ஞானிகளை நாம் குறை கூறவில்லை. லாபத்தைக் கருதியா அவர்கள் கிருமியின் நகலைத் துருவினார்கள்? நாம் கேட்பது வேறு. 2024 அக்டோபரில் ஓர் அமெரிக்கக் கம்பெனி, மருந்து கொடுத்து மனித உடலில் ஆர்.என்.ஏ.யைத் திருத்தியதாக அறிவித்தது. நுரையீரலையும் கல்லீரலையும் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான முயற்சி அது. அந்த நோயாளிகள் பிழைக்கட்டும். ஆனால் திருத்தம் முதலில் தென்பட்ட அந்தக் கிருமிக் குடும்பத்தில், திருத்தும் எந்திரத்தையே முடக்கும் மருந்து எதுவும் இன்றுவரை தூக்க நோயாளியின் கைக்கு வரவில்லை. மாநாட்டு மண்டபத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர் யார்? முதல் போட்ட கம்பெனி எழுப்புமா?

தூக்க நோய் இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. 1998இல் பதிவானவர்கள் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர். 2018இல் ஆயிரத்துக்கும் குறைவு. ஊர் ஊராகச் சென்று ரத்தம் சோதித்த ஊழியர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. 2018இல் ஃபெக்ஸினிடசோல் என்ற மாத்திரையும் வந்தது. ஒரு கம்பெனி 1980களில் கைவிட்ட சரக்கு அது. லாபநோக்கமற்ற ஓர் அமைப்பு தேடியெடுத்து, காங்கோவில் சோதித்து மருந்தாக்கியது. பத்து நாள் விழுங்க வேண்டும், ஊசியில்லை. சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும் என்பது நிபந்தனை. அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று நம் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.