அம்மைக் குடிசைகளில் கண்ட இரக்கம்



உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்துவரும் ஞாயிறைத் திருச்சபை இறை இரக்க ஞாயிறாகக் கொண்டாடுகின்றது. 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் திகதி, சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக உயர்த்திய நாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதனை உலகத் திருச்சபைக்கு அறிவித்தார். அதன்பின் இறை இரக்கப் படம் மாட்டப்படாத கத்தோலிக்க இல்லம் எம்மிடையே அரிது. பிற்பகல் மூன்று மணிக்கு இரக்கச் செபமாலை சொல்வோரும் பலர். நல்லதே. ஆனால் இரக்கம் என்றதும் அந்தப் படம் மட்டுமே நினைவுக்கு வருமானால், கண்டியில் வாழும் நாம் எமது காலடி மண்ணின் வரலாற்றை மறந்தவர்களாவோம்.

கோவாவில் 1651 இல் பிறந்த யோசேவாஸ் அடிகளார், 1687 இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலம் அது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமானதிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவின்றி இருந்த மக்கள், இரவோடு இரவாக அவரிடம் வந்து பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். பிள்ளைப் பருவத்துக்குப் பின் ஒரு முறையேனும் பாவமன்னிப்புப் பெறாமலே நரைத்துப்போன முதியோரும் அவர்களிடையே இருந்திருப்பர். இன்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் பத்துப் பேர் நின்றால், அடுத்த கிழமை பார்ப்போம் என்று திரும்பிப் போகின்ற நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1692 இல் அவர் கண்டி வந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நாளடைவில் அவருடைய நேர்மையை உணர்ந்து கட்டுக்களைத் தளர்த்தினான். பின்பு 1697 இல் தலைநகரில் பெரியம்மை பரவியது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. மன்னன் நகரைவிட்டு நீங்கினான். வசதி படைத்தோரும் வெளியேறினர். நோயுற்றோர் வீடுகளிலும் காடுகளிலும் தனித்து விடப்பட்டனர். பெற்றோரைப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றோரும் கைவிட்ட வேளை அது.

அப்போது யோசேவாஸ் அடிகளாரும், அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்றனர், குடிசைகள் அமைத்தனர், கஞ்சி கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். நோயாளியின் சமயம் எதுவென்று அவர்கள் விசாரிக்கவில்லை. தம்மைச் சிறைவைத்த நகரின் மக்களுக்கே அடிகளார் இதனைச் செய்தார் என்பதை நாம் விட்டுவிடலாகாது. அவர் வேண்ட மழை பெய்தது என்ற புதுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கோ மழையைவிடக் கஞ்சிப் பானையே பெரிய புதுமையாகத் தோன்றுகின்றது.

ஓடிப்போனவர்கள் கொடியவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். இரக்கத்துக்குப் பகை வெறுப்பு என்றே எண்ணுகிறோம். பெரும்பாலும் அச்சமே பகை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றினால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டளை இந்நாட்டில் இருந்தபோது, அச்சம் ஒரு சமூகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து ஏராளமானோர் உயிரிழந்தபோது, உதவும் கைகளுக்குக் குறைவிருக்கவில்லை. மண்சரிவில் வீடிழந்தவனைக் கண்டால் எவருக்கும் மனம் இளகும், அவன்மேல் பழியில்லை. பழி சுமந்தவனின் வீட்டு வாசலில்தான் எமது கால்கள் தயங்குகின்றன.

மகன் சிறையில் இருக்கின்ற வீடு ஒன்று உங்கள் பங்கிலும் இருக்கலாம். போகம்பரைச் சிறைச்சாலை நகரின் நடுவே இருந்த காலத்தில், அதன் மதிலைக் கடந்தே பலர் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றனர். 2014 இல் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர்.  ஆனால் அந்தத் தாய் இன்னும் பின்வரிசையில் அமர்ந்து, இறுதி ஆசீர் முடியுமுன் எழுந்து போய்விடுகிறாள். எவரும் அவளை விரட்டவில்லை. எவரும் அவளுடன் பேசவுமில்லை.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் வீடு இதனினும் கொடிய தனிமையை அறியும். மரணச் சடங்குக்கு வந்தவர்கள் முற்றத்தில் நின்று காரணம் விசாரிக்கின்றனர். மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை. முற்காலத்தில் திருச்சபைச் சட்டமே இத்தகையோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. அந்தத் தடை 1983 ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் நீக்கப்பட்டுவிட்டது. கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எமது பேச்சு மாறவில்லை. லயங்களிலும் நகர வீடுகளிலும் இன்னமும் பழைய தீர்ப்பே வழங்கப்படுகின்றது.

மன்னிக்க மறுத்த ஊழியனின் உவமையை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். பத்தாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், நூறு தெனாரியத்துக்காகத் தன் தோழனின் கழுத்தைப் பிடித்தான். அற்பத் தொகைக்காக இப்படிச் செய்தானே என்று நாம் பேசுவதுண்டு. ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. நூறு நாட்கூலி அற்பமா என்று கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். எமக்கு இழைக்கப்பட்ட தீங்கு உண்மையான தீங்கே என்பதை ஆண்டவர் அறிவார். அதனாற்றான் சில்லறைக் காசைச் சொல்லாமல் நூறு நாட்கூலியைச் சொன்னார். தனக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்று ஒருபோதும் கணக்குப் பாராதவனுக்கு, பிறருடைய நூறு மலையாகவே தெரியும். பாவசங்கீர்த்தனத்தை விட்டு நீங்கிய குடும்பங்களில் பங்காளிச் சண்டை நீண்டு செல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

யோசேவாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி, காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அத்தனை பேரை அடக்கம் செய்தவரின் கல்லறை இருந்த இடமோ இன்று அடையாளம் தெரியாமற் போய்விட்டது. எனவே ஜனவரி மாதத்தில் அவருடைய திருநாளைக் கொண்டாடும்போது மலர் வைக்கக் கல்லறை தேட வேண்டியதில்லை. வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் அன்றைய தினம் இரண்டிரண்டு பேராக, எவரும் செல்லாத வீடுகளுக்குச் செல்லட்டும். காரணம் விசாரிக்க வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஒரு தேநீர் அருந்தும் நேரம் இருந்துவிட்டு வந்தாற் போதும்.

உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளையின் பெயரைத் திருப்பலிக் கருத்தாகக் கொடுக்கலாமா என்று கேட்க அஞ்சும் பெற்றோர் எவரேனும் இதை வாசிக்கலாம். கொடுக்கலாம். பங்குத்தந்தையிடம் சென்று பெயரைச் சொல்லுங்கள். ஏனைய பெயர்களைப் போலவே அதுவும் பீடத்தில் வாசிக்கப்படும்.