நமக்கென்று ஒரு தோட்டம்

மலேசியத் தமிழரிடம் "தோட்டம்" என்று சொன்னால் மல்லிகைச் செடியும் வெண்டைப் பாத்தியும் நினைவுக்கு வருவதில்லை. இரப்பர் காடும் லயமும் விடியற்காலைப் பெரட்டும்தான் கண்முன் நிற்கும். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் என்று ஜொகூர் முழுவதும் நம் முன்னோர் பாடுபட்ட தோட்டங்கள் அவை. "ஒழுங்காகப் படி, இல்லையென்றால் தோட்டத்திலேயே கிடக்க வேண்டியதுதான்" என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் எத்தனை! அந்த எச்சரிக்கை நியாயமானதே. அதனால்தான் இன்று நம்மில் பலர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய அவசரத்தில், விட்டுவிடக் கூடாத ஒன்றையும் நாம் விட்டுவிட்டோம். அதுதான் லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லை.

1920களில் மலாயாவில் இருந்த தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிட ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லா நிர்வாகங்களும் அதை முறையாகக் கொடுத்தன என்று சொல்ல முடியாது. ஆனாலும் கிடைத்த இடத்தில் முருங்கைக் கம்பை ஊன்றினார்கள், கீரை விதைத்தார்கள், பாகற்கொடிக்குப் பந்தல் போட்டார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வரத்து குன்றியபோது, எத்தனையோ குடும்பங்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு.

ஒரே மண், ஒரே கைகள். ஆனால் இரண்டு வேலைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. எந்த மரத்தை எப்போது சீவுவது என்பதை வேறொருவர் தீர்மானித்தார். கொல்லையில் எதை நடுவது, எப்போது பறிப்பது, அடுத்த வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தொழிலாளியே தீர்மானித்தார். அந்தச் சிறு இடத்தில் மட்டும் அவர் கூலியாள் அல்லர். நாம் வெட்கப்பட்டது கூலி வாழ்வைக் கண்டு. ஆனால் ஒதுக்கியதோ மண்ணையே. இது சரிதானா, நண்பர்களே?

"நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீட்டில்; சந்தையில் காய்கறி கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நான்கு தொட்டிகளில் வெண்டை நட்டுப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை. உரம், மண், தொட்டி என்று கணக்குப் பார்த்தால் சந்தைக் காயே மலிவாக இருக்கக்கூடும். வீட்டுத் தோட்டம் தரும் பாடம் வேறு. விதைத்த வெண்டை காய்க்க ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். தேர்வுக்கு முதல்நாள் இரவு விழித்திருந்து அதைக் காய்க்க வைக்க முடியாது. பூத்த பிறகு ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் காய் முற்றி நாராகிவிடும். பாகற்பிஞ்சுக்குக் காகிதம் சுற்றாவிட்டால் பழ ஈ முந்திக்கொள்ளும். ஆண்டு இறுதி அடைமழையில் தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டாவிட்டால், நாம் வளர்ப்பது கீரையோடு ஏடிஸ் கொசுவையும்தான்! அன்றாடப் பொறுப்பு என்றால் என்ன என்பதை ஒரு செடி சொல்லிக் கொடுப்பதுபோல் விரிவுரை சொல்லிக் கொடுக்காது.

மொழியை நேசிக்கும் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாம்பிஞ்சுக்கு வடு, வாழைப்பிஞ்சுக்குக் கச்சல், பலாப்பிஞ்சுக்கு மூசு, தென்னம்பிஞ்சுக்குக் குரும்பை என்று தனித்தனிப் பெயர் வைத்தது தமிழ். இவை அகராதியில் உட்கார்ந்து உருவான சொற்கள் அல்ல. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். பிஞ்சையே பார்க்காத தலைமுறைக்கு இச்சொற்கள் எதற்குப் பயன்படும்? மேடையில் மொழியைக் காப்போம் என்று முழங்கும் நாம், அந்த மொழி முளைத்த மண்ணையும் கொஞ்சம் தொட வேண்டாமா?

எல்லாரும் விவசாயியாக வேண்டும் என்பதல்ல என் கருத்து. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு கைப்பிடி விதை கேளுங்கள். எப்படி நடுவது என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தொட்டியில் ஊன்றுங்கள். அன்று நம் முன்னோர் பிறருடைய தோட்டத்தில் உழைத்தார்கள். இன்று மாடியில் ஒரு தொட்டி அளவே இருந்தாலும், அது நம் தோட்டம்.