கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்



செல்லப்பிராணிச் சிறப்பிதழ் கொண்டுவரப் போகிறோம் என்று சொன்னாலும் சொன்னோம், நாய்களைப் பற்றிய புகார்கள் வந்து குவிந்துவிட்டன. சோபாவைக் குதறிவிட்டது, புதுச் செருப்பில் ஒற்றையை மட்டும் காணோம், மத்தியானம் முழுக்கக் குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம். சித்தூர், திருப்பதி வாசகர்கள் எழுதியவை இதில் கொஞ்சம் கூடுதல். அதில் வியப்பில்லை. கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கும். வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை. நடுவில் பகல் முழுக்க டைல்ஸ் தரையும் சாத்திய கதவும்தான்.

ஒரு லாப்ரடாருக்குக் கிண்ணத்தில் சோறு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். தலை உள்ளே போகும். கிண்ணம் தரையில் கறகறவென்று நகர்ந்து சுவரில் முட்டி நிற்கும். நாக்கு அடியை இரண்டு முறை துடைக்கும். இரண்டு நிமிடத்தில் அன்றைய பிழைப்பு முடிந்துவிட்டது. திருப்பதி கபில தீர்த்தம் சாலையில் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருக்கும் தெருநாயோ, விடிந்ததிலிருந்து டீக்கடை, குப்பைத்தொட்டி, கறிக்கடை என்று மோந்து மோந்து ஒரு சுற்று வந்து, எதிரியின் எல்லையைச் சரிபார்த்து, அதன் பிறகுதான் படுத்திருக்கும். பசியும் சொறியும் அதற்கு உண்டு. சலிப்பு கிடையாது. நம் வீட்டு நாய்க்கு எல்லாம் கொடுத்தோம், வேலையைப் பறித்துக்கொண்டோம். தேடவும் கடிக்கவும் கிழிக்கவும் என்று அமைந்த உடம்பு அது. அதற்கு சோபாதான் அகப்பட்டது.

ஆகவே இந்த இதழில் பொம்மைகளுக்கு நிறையப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்தைப் பற்றி அல்ல. நாயை யோசிக்க வைக்கும், மூக்கையும் பல்லையும் முன்னங்காலையும் பயன்படுத்த வைக்கும் பொம்மைகளைப் பற்றி.

இவற்றில் உலகம் முழுக்கப் பேர்பெற்றது பனிமனிதன் வடிவத்தில் இருக்கும் காங் என்ற ரப்பர் பொம்மை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃப்ரிட்ஸ் என்றொரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மார்க்கம் வோக்ஸ்வேகன் வண்டியைப் பிரித்து வேலை பார்த்தபோது எறிந்த ஒரு ரப்பர் பாகத்தை அது கவ்விக்கொண்டது, பிறகு விடவே இல்லை. 1976-இல் அது ஒரு கம்பெனியாயிற்று. உள்ளே குழி இருப்பதால் அதில் சாப்பாட்டை அடைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஸ்வீடனைச் சேர்ந்த நீனா ஒட்டொசன் வேறு வழியில் போனார். குழந்தைகள் பிறந்த பிறகு தன் நாய்களுக்கு நேரம் ஒதுக்க முடியாமல், மூடியை மூக்கால் தள்ளினால் தீனி கிடைக்கும்படி மரத்தில் புதிர்ப் பலகை செய்தார். இருவருமே தங்கள் நாய் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள். பொம்மை வடிவமைப்பில் பாதி வேலை அதுதான்.

கடையில் நாம் வாங்குவதோ நம் கண்ணுக்குப் பிடித்ததை. பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு, கண்ணெதிரே கிடப்பதை எடுக்கத் தெரியவில்லையே என்று நாயைக் கடிந்துகொள்கிறோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். 1989-இல் ஜே நைட்ஸும் அவருடைய சகாக்களும் ஆய்வகத்தில் இதை நிறுவினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கடை அலமாரி சிவப்பாகத்தான் இருக்கிறது. பணம் கொடுப்பது நாய் இல்லையே!

கண்ணை விடுங்கள், நாய்க்கு மூக்குதான் பிரதானம். 2019-இல் ஷார்லட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஓரத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், எதிர் ஓரத்தில் வைத்தால் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். இருக்கும் என்று நம்பும் நாய் வேகமாக வரும், நம்பாதது தயங்கும். இதன் பிறகு இரண்டு வாரம் சில நாய்களுக்கு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சி, மற்றவற்றுக்கு எஜமானர் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. மோப்பப் பயிற்சி பெற்றவை நடுக்கிண்ணத்தை நோக்கி முன்பைவிட வேகமாக வந்தன. மற்றவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. மூக்குக்கு வேலை கொடுத்தால் நாயின் மனநிலையே தெளிகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிகள் நிறைய. துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லாத சீமை. கண்ணியுள்ள ரப்பர் மிதியடி ஒன்றில் பருத்தித் துணிக் கீற்றுகளை நெருக்கமாக முடிந்து, இடுக்கில் உலர்தீனியைத் தூவினால் மோப்பப் பாய் தயார். கிண்ணத்தில் இரண்டு நிமிடத்தில் தீர்வது இதில் கால் மணி நேரம் ஓடும். வெயில் காலத்துக்கு, ரப்பர் பொம்மையின் குழியில் உப்பில்லாத கேழ்வரகுக் களியைத் தயிரோடு பிசைந்து அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்து நாய்கள் களி தின்றே வளர்ந்தவை, உங்கள் வீட்டு ராட்வீலரும் மறுக்காது. எப்படிக் கொடுத்தாலும், அன்றைய அளவிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாய் குண்டாகிவிடும்.

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பேசிய மனதின் குரல் வானொலி உரை நினைவிருக்கிறதா? ஆந்திராவின் எட்டிகொப்பாக்கா பொம்மைகளைப் புகழ்ந்ததும் அதில்தான், ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை வளர்க்கச் சொன்னதும் அதில்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டிகொப்பாக்காவில் மரத்தைக் கடைந்து, அரக்கில் தாவரச் சாயம் கலந்து பூசுகிறார்கள். காளஹஸ்தி பக்கத்து மாதவமாலாவில் சாமி சிலை செதுக்கும் கைகள் இருக்கின்றன. குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்தே செம்மரத்தில் மரப்பாச்சி செய்த திருப்பதி வட்டாரத்துக்கு, நாய் மூக்கால் தள்ளும் புதிர்ப் பலகை பெரிய காரியமா? அதே ஊரில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2005 முதல் கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கைவினைஞரையும் கால்நடை மருத்துவரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க ஒருவர் முன்வர வேண்டும்.

முன்வருபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைத்தான் சொல்கிறது, நாய்ப் பொம்மை அதில் வராது. ஆகவே சோதிப்பது நம் பொறுப்பு. வாய்க்குள் முழுதாகப் போகும் பந்து வேண்டாம், தொண்டையில் சிக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்காத பொம்மை பல்லை உடைக்கும். நூல் பிரியும் கயிற்றுப் பொம்மை குடலைச் சுருட்டும். பட்டன் பேட்டரி போட்டது வேண்டவே வேண்டாம். மரப் பலகை மூக்குக்குத்தான், கடிக்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். லேசர் ஒளியைத் துரத்த விடுவதும் எனக்கு உடன்பாடில்லை: எவ்வளவு ஓடினாலும் பிடிபடாத இரை அது, சில நாய்கள் அதன் பிறகு நிழலையும் சுவரையும் துரத்தத் தொடங்கிவிடும்.

பொம்மை மருந்து அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் வெளியே போனதும் களி அடைத்த பொம்மையைத் தொடாமல் கதவையே பிறாண்டிக்கொண்டிருந்தால் அது சலிப்பு இல்லை, தனிமைப் பயம். சாதுவான நாய் திடீரென்று கடிக்க வந்தால் எங்காவது வலி இருக்கலாம். இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வாங்கிய பொம்மைகளையெல்லாம் ஒரே நாளில் தரையில் கொட்டாதீர்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்ஷா குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய் சீக்கிரமே அலுத்துவிடுகிறது. வேறொன்றைக் காட்டியதும் உற்சாகம் திரும்புகிறது. ஒன்றிரண்டை வெளியே விட்டு மற்றவற்றைப் பரணில் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மாம்பழக் காலம் வேறு. சித்தூர்ச் சந்தையில் கிளிமூக்கு குவியும்போது நாய்களுக்கு இலவசப் பொம்மையாகக் கிடைப்பது மாங்கொட்டை. விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். தின்ற கையோடு கொட்டையை மூடியுள்ள கூடையில் போடுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் நீங்களே செய்த பொம்மையைப் படமெடுத்து அனுப்புங்கள். எதில் செய்தீர்கள், எத்தனை நேரம் தாங்கியது, எந்த இடத்தில் கிழிந்தது என்று எழுதுங்கள். கிழிந்த பிறகு எடுத்த படமும் கட்டாயம் வேண்டும். நல்லவற்றைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்னதை அடுத்த இதழில் செய்முறையோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்