பம்பருக்குள்ள என்ன இருக்கெண்டு பார்த்தியா மச்சான்?

நான் பொடி கிட்டுக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஏனென்றால் இதைப் பாதி வாசித்துவிட்டு, "கம்பஸ் போனதும் இவன் பெரிய மனுசனாகிட்டான்" என்று வட்ஸ்அப்பில் போடப்போகிற நாலு பேரை எனக்குத் தெரியும். காரை வடிவாக்குகிறவனெல்லாம் ஊதாரி என்று சொல்கிற ஊர்ப் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டு வாசலுக்கு லட்சக்கணக்கில் கேற் போட்டால் அது கௌரவம், காருக்கு பம்பர் போட்டால் அது ஊதாரித்தனம். இது என்ன கணக்கு?

என்னுடைய சண்டை வேறு. காரின் முகத்தை மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு காரின் எலும்பை வெட்டுகிறோம். வெட்டினதை யாரும் பார்ப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சாச்சாட மூத்த மகன், எனக்கு நானா முறை. கட்டாரில் ஆறு வருசம் உழைத்து வந்து ஒரு பழைய லான்சர் எடுத்தார். 1500 சிசி, சாதாரண குடும்பக் கார். எடுத்த மூன்றாம் மாதம் அது லான்சராக இல்லை. முன்னுக்கு எவோ மாதிரி பைபர் பம்பர், ரெண்டு பக்கமும் ஸ்கேர்ட், டிக்கி மேலே மேசை அளவில் ஒரு விங். குறிஞ்சாக்கேணியில் அது நின்றால் சின்னப் பொடியன்மார் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், வடிவாகத்தான் இருந்தது.

ஒரு நாள் இரவு மூதூர்ப் பக்கமிருந்து வரும்போது றோட்டில் மாடு. எங்கட ஏ15 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது புதுக்கதை இல்லை. மாட்டுக்கு ஒதுக்கப் போய் மதகுக் கட்டில் முட்டிவிட்டார். பெரிய வேகமும் இல்லை. பைபர் பம்பர் ஓடு மாதிரி நொறுங்கியது, ரேடியேட்டர் எஞ்சினோடு ஒட்டியது, நானாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. பக்கத்தில் இருந்த சாச்சிக்கு நெற்றியில் தையல்.

பிறகு டிங்கர் வேலைக்குக் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. பம்பருக்குப் பின்னால் குறுக்காக ஒரு இரும்பு பார் இருக்க வேண்டும். அது இல்லை. கிட் பூட்டின இடத்தில் வெட்டிவிட்டார்கள். நானாவிடம் கேட்டேன். "கிட் உள்ளுக்கு இறங்கணும் எண்டா அத வெட்டத்தான் வேணும் எண்டாங்க, நானும் சரி எண்டுட்டன்" என்றார். பார் இருந்திருந்தால் கை உடைந்திருக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்த பார் எதற்காக இருக்கிறது என்று அந்த கராஜில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

பம்பர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு தோல். பெயின்ட் அடிக்கிற அந்த பிளாஸ்டிக் காற்றை வழிப்படுத்தும், சின்ன உரசலைத் தாங்கும், அவ்வளவுதான். முட்டும்போது அடியை வாங்குவது உள்ளே இருக்கிற பார். அது அடியை வாங்கி இடது வலது ரெண்டு சேஸி நுனிக்கும் பிரித்துக் கொடுக்கும். அந்த நுனிகள் கணக்குப்படி மடியும். எயார் பேக் எப்போது வெடிக்க வேண்டும் என்பதும் முன்பக்கம் எப்படி நசுங்குகிறது என்பதை வைத்து அமைத்த கணக்குத்தான். பாரை வெட்டினால் அந்தக் கணக்கு முழுவதும் குழம்பும். வெளியில் பார்த்தால் கார் முன்னை விட முரடாகத் தெரியும். உள்ளே முன்னை விட மெலிந்திருக்கும்.

சரி, யாரைப் பார்த்து இதைச் செய்கிறோம்? லான்சர் எவலூஷனைப் பார்த்து. அந்தக் கார் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்தோமா? 1992இல் மிட்சுபிஷி அதை வெளியிட்டது ரலி ஓட்டத்துக்காக. குரூப் ஏ விதிப்படி 2,500 கார்கள் றோட்டுக்கு விற்றால்தான் அந்த மொடலைப் போட்டியில் இறக்கலாம். டொமி மக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு தரம் உலக சாம்பியன் ஆனது அந்தக் காரில்தான். எவோவின் வாய் ஏன் அவ்வளவு பெரிது? உள்ளே டர்போ இருக்கிறது, டர்போ அனுப்புகிற சூடான காற்றைக் குளிராக்க இன்டர்கூலர் முன்னுக்கு இருக்கிறது, அதற்குக் காற்று வேண்டும். அந்த ஓட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது.

எங்கட 1500இல் டர்போவும் இல்லை, இன்டர்கூலரும் இல்லை. அந்தப் பெரிய வாய்க்குள்ளே ஏசி கண்டென்சர்தான் தெரியும். லொறிக்குப் பின்னால் போனால் கல் நேரே அதில்தான் அடிக்கும். இன்னொன்று, எவோ ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் எங்கட லான்சரின் உடம்பில் இருந்து வந்ததுதான், ஆனால் அதன் மட்கார்ட்கள் அகலமானவை. அதற்குச் செய்த பம்பரை சாதாரண லான்சரில் வைத்தால் ஓரம் வெளியே நிற்கும். பிறகு புட்டி, ரிவெட், சிலிக்கன். ஆறு மாதத்தில் வெடிப்பு.

விங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்று கீழே அழுத்துகிற பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 140இல் கிடைக்கிற அழுத்தத்தில் கால்வாசிதான் 70இல் கிடைக்கும். எங்கட றோட்டில் ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான், ஊருக்குள்ளே 50. அந்த வேகத்தில் டிக்கி மேலே நிற்கிற மேசை, பின் கண்ணாடியை மறைப்பதைத் தவிர பெரிதாக எதையும் செய்யாது. ஸ்டைலுக்குப் போடு, போட வேண்டாம் எண்டு சொல்லல்ல. ஆனா "கார் றோட்ட பிடிக்குது மச்சான்" எண்டு என்னட்ட கதை விடாத.

இப்போது கஷ்டமான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்த காலம். பாலத்துக்குப் பதிலாக ஓடிய மிதவை காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே மௌத்தானார்கள். பிறகும் உயிர்கள் போயின. அன்றைக்கு ஊர் முழுக்கக் கொதித்தது. எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: இது ஆட்களை ஏற்றுவதற்குப் பாதுகாப்பானதா என்று யார் பார்த்தது? யார் அனுமதி கொடுத்தது?

நியாயமான கேள்வி. அதை நாம் இன்றைக்கும் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே ஊர்ப் பொடியன்மார்தானே நாம்? உம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போகிற காரில் முன் பாரை வெட்டும்போது அந்தக் கேள்வி ஏன் வாயில் வரவில்லை? அந்த மிதவையையும் எங்கட பம்பரையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. அதனால் நம்மேல் பொறுப்பு இன்னும் கூட.

அப்படியென்றால் அரசாங்கம் பிடிக்கட்டும் என்பீர்கள். பிடித்தார்களே. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா'வோடு பஸ், த்ரீவீல் எல்லாவற்றிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்ததைப் பொலிஸ் கழற்ற வைத்தது. சங்கங்கள் சத்தம் போட்டன. அந்த நடவடிக்கையில் எனக்குள்ள குறை இதுதான்: கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் பிடிக்கிறார்கள். லைட், ஹோர்ன், ஸ்டிக்கர், அலங்காரம். வெட்டப்பட்ட பார் வெளியே தெரியாது. வருசா வருசம் புகைப் பரிசோதனை எடுத்துத்தான் வரிப்பத்திரம் எடுக்கிறோம். புகையை அளக்கிற மெஷினுக்கு பம்பருக்குள்ளே என்ன இருக்கிறதென்று தெரியுமா? ஒழுங்காகப் பூட்டின லிப்பும் எலும்பை வெட்டிப் பூட்டின கிட்டும் பொலிஸ்காரருக்கு ஒன்றுதான். முதலாமவனுக்கும் தண்டம், ரெண்டாமவனுக்கும் தண்டம் என்றால் ஒழுங்காகச் செய்ய எவனுக்கு மனம் வரும்? எதைப் பூட்டலாம், எப்படிப் பூட்டலாம், யார் பரிசோதிப்பார் என்று தெளிவாகச் சொல்லி, பரிசோதித்து, சீட்டுக் கொடுக்கட்டும். அதைக் கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அது வரும் வரைக்கும் உயிர் எங்களுடையது.

ஆகவே பூட்டுகிறவர்களுக்கு என் கோரிக்கை.

முதலில் றோட்டைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், இன்ஸ்டாவைப் பார்த்து இல்லை. உங்கட வீட்டு ஒழுங்கையில் கார் ஏறுகிற மோசமான இடத்துக்கு ஒரு டேப்பைக் கொண்டு போங்கள். டயருக்கு முன்னால் எவ்வளவு நீளம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டு லிப் வாங்குங்கள். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றினால் கார் இன்னும் பதியும், அதையும் சேருங்கள்.

ரெண்டாவது, பொருள். பைபர் மலிவு, உடைந்தால் ரெசின் வைத்து ஒட்டலாம், ஆனால் வளையாது, வெடிக்கும். கொம்பனி பம்பர் வருகிற பிபி பிளாஸ்டிக் வளைந்து திரும்பும், ஆனால் அதற்கென்ற பிரைமர் இல்லாமல் பெயின்ட் நிற்காது, உரிந்துவிடும். அடிக்கடி தரையில் உரசுகிற முன் லிப்புக்கு வளைகிற பொருள் நல்லது.

மூன்றாவது, பெயின்டுக்கு முன்னால் ஒருதரம் பூட்டிப் பாருங்கள். இடைவெளி ரெண்டு பக்கமும் ஒன்றா, கதவு திறக்குதா, டயர் முழுக்கத் திருப்பினால் முட்டுதா. பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் காசு தண்ணிக்குள்ளே போன மாதிரி.

நாலாவது, கொம்பனி வைத்த கிளிப், போல்ட் ஓட்டைகளையே பாவியுங்கள். புது ஓட்டை போட்டால் அதன் விளிம்புக்கு பிரைமர் அடியுங்கள், துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றில் வெறும் ஓட்டை எவ்வளவு சீக்கிரம் துருவாகும் என்று உங்கட வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும்.

ஐந்தாவது, பார். அதை வெட்டினால்தான் பூட்டலாம் என்கிற கிட் எங்கட காருக்கான கிட் இல்லை. எவ்வளவு வடிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். எங்கட மாதிரி ஆட்கள் ஓடுகிற காருக்கு 2025 வரைக்கும் கதவு திறக்கவில்லை. அதனால் இருபது வருசப் பழைய லான்சருக்கே இன்றைக்குக் கேட்கிற விலை தெரியும்தானே. இப்படிக் கஷ்டப்பட்டு எடுத்த காரை நாமே கையால் பலவீனப்படுத்துவது என்ன ஸ்டைல்?

நானாட லான்சர் இப்போது திரும்பவும் ஓடுகிறது. பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த பார், கொம்பனி பம்பர், கீழே ஒரு சின்ன லிப். விங்கையும் கழற்றிவிட்டார். சின்னப் பொடியன்மார் முந்தி மாதிரி சுற்றி நின்று படம் எடுப்பதில்லை. சாச்சி இன்னும் முன் சீட்டில் ஏறமாட்டார்.

உன்ர கார இந்தக் கிழமை ஒருக்கா கராஜுக்குக் கொண்டு போ மச்சான். பம்பரக் கழட்டச் சொல்லு. உள்ளுக்குப் பார் இல்லாட்டி, எங்க வச்சிருக்கீங்க எண்டு கேளு.